கண்ணாடியில் நிற்காத பெயர்

கஸ்தூரி கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் சிவப்புப் பெயிண்ட் ஒரு துண்டு, காய்ந்த வெங்காயத் தோல்போலச் சுருண்டு கிடந்தது. அது 'தே' என்ற எழுத்தின் கொம்பு. நான் போட்ட கொம்பு எனக்குத் தெரியாதா?

"இன்னாக்கா இது, மறுபடியும் பேந்துகினு வந்துச்சி."

அந்தத் துண்டை என் மேஜைமேல், டின்களுக்கு நடுவே, உடைந்துவிடுமோ என்கிற மாதிரி வைத்தாள். வெளியே அவளுடைய குட்டியானை நின்றுகொண்டிருந்தது. காசிமேட்டிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றிப் போகிற வண்டி. முன்கண்ணாடியின் மேல்பகுதியை ஒரு துணியால் மூடிக் கட்டியிருந்தார்கள். பாதிப் பெயரை ரோட்டில் போகிறவன் படித்துச் சிரித்துவிடக் கூடாது என்று அவள்தான் கட்டச் சொன்னாளாம்.

திருவொற்றியூரில், வண்டிகளுக்குப் பெயர் எழுதுகிற என் கடை வாசலில் மதிய வெயில். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வழக்கம்போல நகராமல் நின்று புழுதியும் புகையுமாக இருந்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து கேஸ் வாடை வேறு. எனக்கு அன்று பிரஷ்ஷைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. வலது தோள் காலையிலிருந்தே படுத்திக்கொண்டிருந்தது. 'ஸ்டிக்கர் ஒட்டிக்கோம்மா, என்னை விடு' என்று வாய்வரை வந்துவிட்டது.

சொல்லவில்லை. அது யாருடைய பெயர் என்று எனக்குத் தெரியும்.

வாயால் சொல்லாத பெயர்

தேசப்பன் கஸ்தூரியின் வீட்டுக்காரர். எண்ணூருக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் வீடு. ஒரு விடியற்காலை மீன் பிடிக்கப் போன ஃபைபர் படகு காற்றில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து, வேறொரு படகில் கரைக்கு வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காத வீட்டில் எதையும் முடிக்கவும் முடியாது, தொடங்கவும் முடியாது. கஸ்தூரி தாலியோடும் பொட்டோடும் இருந்தாள். மாமியார் மகனுக்குக் காரியம் செய்துவிடவேண்டும் என்றார். அந்த அம்மா பொல்லாதவர் இல்லை. "எம் புள்ள ஒருவாய் தண்ணி இல்லாம அலஞ்சிகினு கீறான்" என்று கடைக்கு வந்து என்னிடமே அழுதிருக்கிறார்.

பெயர் எழுத முதல் தடவை வந்தபோது, "இன்னா பேரும்மா?" என்று கேட்டேன். கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். வண்டி ஓட்டுகிற அவள் தம்பி மணிதான், "தேசப்பன்னு எழுதுக்கா" என்றான். கட்டினவன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவர்கள் வழக்கம். இந்தக் காலத்திலுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆயுசு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒருவரின் பெண்டாட்டி, கொஞ்சமும் குறையக் கூடாது என்றுதானே பார்ப்பாள்.

சொல்ல முடியாத பெயரை எழுதியாவது பார்க்கலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அதுவும் நிற்கவில்லை. முதல் தடவை எழுதியது மாதம் தாண்டாமல் உரிந்தது. இரண்டாம் தடவை எழுதியதன் கொம்புதான் இப்போது என் மேஜைமேல் கிடந்தது.

"அத்த இன்னா சொல்லிச்சி தெரியுமாக்கா? 'பேரே நிக்க மாட்டேங்குது, அவன் எங்கடி நிப்பான்'னு கேக்குது. ஊரே அதத்தான் பேசிகினு கீது." மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். "நான் சொல்லிட்டேன். இன்னொரு தபா எழுதுவாங்க. அதுவும் பேந்துச்சின்னா நீ சொல்றாப்ல காரியம் பண்ணிட்றேன்னு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒரு பெண் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பது என் பிரஷ்ஷில் வந்து நின்றுவிட்டது. இதற்காகவா நான் கடை போட்டேன் என்று எரிச்சலாக வந்தது. "நாளன்னிக்கு காலைல வண்டிய கொண்டா" என்று மட்டும் சொன்னேன்.

அடுப்பில் வெந்த பெயிண்ட்

இந்தத் தொடரில் சென்ற வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், 'கண்ணாடியில் பெயிண்ட் எப்படியம்மா நிற்கும், வழுக்கிக்கொண்டு போகாதா?' என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. என் தோள் தேய்ந்ததே அந்தக் கேள்வியில்தான்.

மரம் பெயிண்டைக் குடிக்கும். சுவரும் குடிக்கும். இரும்புகூடத் தேய்த்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக்கு வாயே கிடையாது. மேலே என்ன பூசினாலும் அது விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும், சாக்குக் கிடைத்ததும் கிளம்பிவிடும்.

கல்யாணத்துக்கு முன்பு மணலிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வண்டிகளின் முன்கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கரை ஓடுமே, அதை அச்சுப்போடுவதுதான் எங்கள் பகுதி வேலை. கண்ணாடியின் உள்பக்கம் வரப்போகிற முகத்தில் மையை இழுத்து, அப்படியே அடுப்புக்குள் அனுப்புவோம். வெளியே வரும்போது மையும் கண்ணாடியும் ஒன்றாகியிருக்கும். கத்தியால் சுரண்டினாலும் வராது. கத்தி முனைதான் போகும்.

அந்தக் கம்பெனியை விட்டுக் கொருக்குப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பிறகு இந்தக் கடையைப் போட்டபோது, கை இருந்தது, அடுப்பு இல்லை. நெருப்பு செய்கிற வேலையை நான் துணியாலும் பொடியாலும் செய்யவேண்டியிருந்தது. முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு சுண்ணாம்புப் பொடி போட்டுத் தேய்ப்பது. பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த துணி, ஒரே பக்கமாக. அதற்கப்புறம் விரல் படக்கூடாது. விரல்ரேகையில் இருக்கிற எண்ணெயே பெயிண்டுக்கு எமன்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கண்ணாடிமேல் தண்ணீர் விட்டால் அது சீலைபோல விரிந்து வழியவேண்டும். முத்துமுத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். அந்த முத்துகளைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

டாக்டர் வீட்டுப் பல்

கட்டடக் கண்ணாடி இன்னொரு தலைவலி. ராயபுரத்தில் ஒரு பல் டாக்டர், வாசல் கண்ணாடியில் பெரிய பல் ஒன்று வரையச் சொன்னார். வெள்ளையாக, சிரித்துக்கொண்டு, வேரோடு வரைந்தேன். இரண்டே வாரத்தில் வேர் உரிந்து விழுந்தது. பல்லைப் பிடுங்குகிற இடத்தில் பல் தானாகவே விழுந்தால் ஜனங்கள் விடுவார்களா? ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிரித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

போய்ப் பார்த்தேன். உள்ளே ஏ.சி. ஓடி ஓடிக் கண்ணாடி ஜில்லென்று இருந்தது. வெளியே கடற்காற்று. கண்ணாடிமேல் கண்ணுக்குத் தெரியாத வேர்வை. நான் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் வேர்த்திருக்கும். அந்த ஈரத்தின்மேல்தான் பல்லை வரைந்திருக்கிறேன். ஏ.சி.யை நிறுத்தச் சொல்லி, கண்ணாடி சூடேறியதும் மறுபடி வரைந்தேன். நோயாளிகள் விசிறிக்கொண்டு என்னை முறைத்தார்கள். அந்தப் பல் இன்னும் இருக்கிறது. டாக்டர்தான் வேறு ஊருக்குப் போய்விட்டார், இப்போது அங்கே பிரியாணிக் கடை. பல்லை அழிக்க முடியாமல் அதன்மேல் விலைப்பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. உரிந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பது என் பழக்கம். தேசப்பன் விஷயத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை கண்ணாடிக்கென்றே வருகிற பிரைமர் அடித்து, கெட்டியாக்கும் மருந்து கலந்து, சூட்டுக் காற்றும் காட்டியிருந்தேன். என் கையில் இருந்ததை எல்லாம் செய்துவிட்டேன். அந்த இரண்டு ராத்திரியும் படுத்தால், மாமியார் சொன்னதுதான் உண்மையோ என்றுகூடத் தோன்றியது. நான் இப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. களைப்பு மனுஷியை எதையும் நம்ப வைத்துவிடும்.

சொம்புத் தண்ணீர்

சொன்ன நாளில் வண்டி வந்தது. இந்தத் தடவை மாமியாரும் கூட வந்திருந்தார். பழைய பெயரின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்தேன். கஸ்தூரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கழுவி, பொடி போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சீலைபோல விரிந்து வழிந்தது. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு நகர்ந்தேன்.

அடுத்தது பூஜை. பெயர் எழுதுவதற்கு முன்னால் கற்பூரம் காட்டுவது எல்லா வண்டிக்காரர்களும் செய்வதுதான். நான் பிறந்தது வியாசர்பாடி; நாங்கள் பௌத்தர்கள். வீட்டில் புத்தர் படத்துக்கு முன் ஒரு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். அடுத்தவர் சாமி கும்பிடுகிற இடத்தில் குறுக்கே நிற்கக் கூடாது என்று, அவர்கள் கற்பூரத்தை எடுத்ததும் நான் உள்ளே பெயிண்ட் கலக்கப் போய்விடுவேன். முந்தைய இரண்டு தடவையும் அப்படித்தான் போனேன்.

அன்றைக்கு மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் நில்லும்மா. ஒங் கைதானே எழுதப் போது."

நின்றேன். கஸ்தூரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினாள். மற்றவர்கள் வண்டிக்கு எட்ட நின்று சுற்றுவார்கள். இவள் முன்பம்பரில் ஏறி, பெயர் வரப்போகிற இடத்தில், கண்ணாடியை ஒட்டினாற்போலத் தட்டைப் பிடித்தாள். ஆளுக்கே காட்டுகிற மாதிரி மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சுற்றினாள். சுற்றி முடித்ததும் மாமியார் சொம்பிலிருந்து தண்ணீரை அள்ளிக் கண்ணாடிமேல் தெளித்தார்.

தண்ணீரைக் கண்டால் என் கண் தானாகப் போய்விடும். ஓரங்களில் விழுந்தது விரிந்து வழிந்தது. நடுவில், தட்டு சுற்றிய இடத்தில் மட்டும், முத்துமுத்தாக நின்றது.

வெள்ளைத் துணியை எடுத்து அந்த இடத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். துணியில் கறுப்பு. கற்பூரப் புகை பிசுக்காக ஜில்லென்ற கண்ணாடியில் படிந்திருக்கிறது. நான் கழுவி முடித்ததற்கும் பிரஷ் வைப்பதற்கும் நடுவே, ஒவ்வொரு தடவையும்.

"கஸ்தூரி, இந்தப் புகைமேலதான் எழுதிகினு கீறோம். அதான் பேந்துகினு வருது" என்றேன்.

மாமியாருக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப சாமி கும்புட்டது தப்புன்றியா?"

"தப்புன்னு சொல்லல பெரிம்மா. பெயிண்டுக்கு ஆவாதுன்றேன்."

கஸ்தூரி பம்பரிலிருந்து இறங்கவே இல்லை. தட்டு கையில் அப்படியே இருந்தது. "அப்ப இது அவரு சொன்னது இல்லியாக்கா?"

"இல்லம்மா. பொகை."

அவள் தட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை. அழுதது மாமியார்தான். ரோட்டோரம் அப்படியே குந்திவிட்டார். "எம் புள்ளதான் எதோ சொல்றான்னு நெனச்சிகினு இருந்தேனே. இப்ப அதுவும் இல்லியா?"

நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. உரிந்து விழுந்த பெயிண்டைக்கூட அந்த அம்மா மகன் அனுப்பிய சேதியாக வைத்திருந்தார். அதையும் நான் துணியால் துடைத்துக் காட்டிவிட்டேன். கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பக்கத்து டீக்கடையில் சொல்லி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

உள்பக்கம்

கற்பூரம் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அவளும் கேட்டிருப்பாள். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. அவருக்குக் காட்ட அவளிடம் இருந்தது அந்த ஒரு தட்டுதான். அப்போதுதான் மணலிக் கம்பெனி ஞாபகம் வந்தது. அங்கே எப்போதும் உள்முகத்தில்தானே இழுப்போம்.

"நீ வெளில காட்டிக்கோ. டெய்லி வேணாலும் காட்டு. நான் உள்ள எழுதுறேன்" என்றேன்.

சொல்வது சுலபம். வெளியிலிருந்து நேராகத் தெரியவேண்டுமென்றால் உள்ளிருந்து திருப்பி எழுதவேண்டும், கடைசி எழுத்திலிருந்து தொடங்கி. குட்டியானையின் உள்ளே ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மடங்கி, தலையை அண்ணாந்து, வெந்நீர் அண்டாவுக்குள் உட்கார்ந்த மாதிரி வேலை. பெயிண்ட் நாற்றத்தில் தலை சுற்றியது. நடுவில் நடுவில் இறங்கி, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். எழுதி முடித்துச் சூட்டுக் காற்றைக் காட்டும்போது கழுத்து திரும்பவில்லை. அந்தக் கழுத்து பிறகு ரொம்ப நாள் திரும்பவில்லை.

மணி ஏறி உட்கார்ந்து பார்த்தான். "இன்னாக்கா, ஆம்புலன்ஸ் கணக்கா திரும்பிகினு கீது!"

கஸ்தூரியும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடவலம் மாறித் தெரிகிற அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கடலுக்குப் போறப்ப இப்டித்தான்கா. அவரு முதுகுதான் தெரியும். பின்னாலேந்து கூப்டக் கூடாதுன்னு நான் சும்மா நின்னுகினு இருப்பேன்."

பிறகு இறங்கி, வண்டிக்கு எதிரே போய் நின்று பார்த்தாள். பெயர் அவளைப் பார்த்து நேராக இருந்தது. வண்டி கிளம்பியபோது அவள் ஏறவில்லை, முதுகைப் பார்த்தபடி போக மனசில்லை போலிருக்கிறது. மாமியாரை மட்டும் ஏற்றிவிட்டு, "நான் பஸ்ல வரேன், நீ இட்டுகினு போ" என்று தம்பியிடம் சொன்னாள்.

நின்றது

அந்தப் பெயர் நின்றது. மழைக்காலத்தில் சடையங்குப்பத்துக்குச் சரக்கு கொண்டுபோய், தண்ணீரில் வண்டி மாட்டி, சீட்டு வரை நனைந்து வந்தபோதும் நின்றது. மணி கடையைத் தாண்டும்போதெல்லாம் கண்ணாடியைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவான். தினமும் காலையில் அக்காள் வெளியே கற்பூரம் காட்டுகிறாள் என்பான்.

என் வேலை நின்றதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். இல்லை. அந்த வண்டி தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பெயர் அசையாது. அது அசையாதவரை அவளும் அசையமாட்டாள். ஒரு பெண்ணை, கடலைப் பார்த்தபடி, கெட்டியாக்கும் மருந்து போட்டு ஒட்டிவிட்டேனோ என்று பயந்தேன். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "எழுதச் சொன்னாங்கோ, எழுதன. அத்தோட வுடு" என்றார். விடத் தெரிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு சாயங்காலம் கஸ்தூரி நடந்து வந்தாள். நான் ஒரு லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலில் முகத்தைத்தான் பார்த்தேன், பொட்டு இல்லை. பிறகு கழுத்தைப் பார்த்தேன்.

துணி கையிலேயே இருந்தது. "பேந்துடுச்சாம்மா?" என்று கேட்டேன். வாயில் வந்தது அதுதான்.

"இல்லக்கா. ஒரு ஓரம்கூடப் பேந்து வரல. ஸோக்கா கீது." ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "நான்தான் போய் காரியம் பண்ணிட்டு வந்தேன். கடல்ல மொதல் தண்ணி அத்ததான் வுட்டுச்சி."

தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"பேந்து போச்சி, அதனால இவ வுட்டுட்டான்னு யாரும் சொல்லக் கூடாதுக்கா. அது நிக்கட்டும்னுதான் பாத்துகினு இருந்தேன். நின்னுது. அதுக்கப்புறம் நானே எழுந்து போனேன்."

அவள் குரலில் அழுகை இல்லை. எனக்குத்தான் வந்தது. லாரிக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். இவ்வளவு நாள் சுமந்த பாரம் இறங்கியதா, வேறொன்று ஏறியதா என்று எனக்கே புரியவில்லை. "அந்தப் பேர இன்னா பண்றது? அழிக்கணும்னா சொல்லு, மருந்து போட்டு எடுத்துத் தரேன்" என்றேன்.

"அது ஏன்க்கா? இருக்கட்டும்."

டிரெய்லர்கள் கொஞ்சம் நகர்ந்தன. நடுவில் ஒரு சந்து கிடைத்ததும் மணி வண்டியை ஒடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். சாயங்கால வெயில் கண்ணாடியில் பட்டு, சிவப்பு எழுத்துகள் நேராக எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. கஸ்தூரி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"தோ, தேசப்பன் வர்றாரு" என்றாள்.

அவள் வாயால் அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.